கோட்டோடு அளந்த கட்டை

ஈஸ்டருக்கு முதல் நாள். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. ராக்னா தன் வேட்டைக் கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறை நடுவில் நின்றாள். உள்ளே கம்பளிச் சட்டை இரண்டு, அதன்மேல் தடித்த கோட்டு, அதற்கும் மேலே வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேலங்கி. நெற்றியில் வியர்வை வழிந்தது.

“சீக்கிரம் அளடி. ரொட்டிக்கு முந்தி நான் வெந்துருவேன் போல.”

மகள் சிக்னே பென்சிலைப் பல்லில் கடித்தபடி அளவுநாடாவை விரித்தாள். துப்பாக்கி வெடிக்காமலிருக்க அதன் போல்ட்டைக் கழற்றி, ஆரஞ்சுத் தோல்களுக்கு நடுவே மேசையில் வைத்திருந்தார்கள். குழல், தோளில் தாங்கிப் பிடிக்கும் புதிய மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தது. கட்டை இன்னும் வெட்டப்படவில்லை.

“கண்ண மூடு. தோளுக்குத் தூக்கு. கன்னத்த வை. இப்ப தொற. என்ன தெரியுது?”

“செவுத்துக் காலண்டர்ல ஏப்ரல் மாசம். மங்கலா.”

“அம்மா!”

“சரி, சரி. தொலைநோக்கில வட்டம் முழுசாத் தெரியுது. ஓரத்துல கறுப்பு இல்ல. கன்னம் சரியா உக்காருது. ஆனா தூக்கறப்ப அக்குள்ல மாட்டுச்சு.”

சிக்னே கட்டையின் பின்முனைக்கும் தோளுக்கும் இடையே விரல் வைத்துப் பார்த்தாள். மறுபடி தூக்கச் சொன்னாள். ஏழு முறை தூக்கவைத்து, ஏழு எண்களை எழுதிச் சராசரி எடுத்தாள்.

“இருபத்திரெண்டு மில்லி வெட்டணும்.”

“இருபத்தஞ்சு வெட்டிரு.”

“வெட்டினது வெட்டினதுதான். அப்புறம் ஒட்டவா முடியும்?”

“ஒன்ன இன்ஜினியருக்குப் படிக்கவச்சதுக்கு ஒரு தச்சன் கையில குடுத்திருக்கலாம்” என்றாள் ராக்னா. ஆனால் இருபத்திரண்டுக்கு ஒத்துக்கொண்டாள். மரம் சிலும்பாமலிருக்க நாடா ஒட்டி, வாசற்படியில் வைத்து அறுத்தார்கள். ராக்னா பிடித்துக்கொண்டாள், சிக்னே அறுத்தாள். அறுத்த முனையில் உதை தாங்கும் தோள்ரப்பரைத் திருகி, மூலைகளை உருட்டித் தேய்த்தார்கள். பனிமேல் மரத்தூள் காப்பித்தூள் மாதிரி சிந்திக் கிடந்தது. உள்ளே ரொட்டி கொஞ்சம் கருகிவிட்டது.

தாயும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

ராக்னா முப்பத்தொரு ஆண்டுகள் அந்தப் பள்ளத்தாக்கின் தபால்காரி. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும் அந்த நாட்டில், ஓரத்துப் பெட்டிகளை எட்டுவதற்காகவே வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த தபால் வண்டியில், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நீட்டி, நாளுக்கு இருநூற்றுப் பத்து பெட்டிகளில் கடிதம் போட்டவள். பனிக்காலத்தில் சாலையோரம் குவிந்த பனிக்கு மேலாக எட்ட வேண்டும். வலது தோள் அதில்தான் தேய்ந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கை தூக்க முடிந்தது. கழுத்து மட்டும் வலப்பக்கம் சாய மறுத்துவிட்டது.

துப்பாக்கி அவளுடைய இருபத்தேழாம் வயதில் வந்தது. குழல் ஆறரை மில்லிமீட்டர். கோடையில் சங்கத்தின் இலக்குப் பலகைக்கும் இலையுதிர் காலத்தில் மூஸ் மானுக்கும் அது ஒன்றேதான். போட்டிகளில் வென்ற வெள்ளிக் கரண்டிகளால்தான் அந்த வீட்டில் காப்பி கலக்குவார்கள். சிக்னேயின் அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அவர் விட்டுப்போன ஆண்டும் ராக்னா ஒரு கரண்டி வென்று வந்தாள். “ஆறு இருந்தது ஏழாச்சு. ஆள்தான் ஒண்ணு கொறைஞ்சுது” என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசிச் சிக்னே கேட்டதில்லை.

கழுத்து சாயாததால், துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியின் உயரத்துக்கும் கன்னத்தின் உயரத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. பழைய கட்டையில் கன்னம் பதியவே இல்லை, தாடைதான் பட்டது. போன ஆண்டு ஆகஸ்டில் சிக்னே வந்து பார்த்துவிட்டு, “கட்டைய மாத்தணும்மா” என்றாள்.

அவள் நீர்மின் நிலையங்களுக்கு விசையாழி வடிவமைப்பவள். எதையும் அளக்காமல் நம்பமாட்டாள். சுடுதளத்தில் பாய் விரித்து அம்மாவைப் படுக்கவைத்து, முழங்கை மடிப்பிலிருந்து விசைவிரல் வரை, கன்ன எலும்பிலிருந்து கண் வரை, அரை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தாள். அலுமினியச் சட்டத்தாலான கட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கன்னப்பலகை ஏறும், இறங்கும். பின்பக்கம் வளையங்கள் சேர்த்து நீளத்தைக் கூட்டலாம். எடை அதிகம், அதனால் தோளுக்கு உதை குறைவு. கணக்குப்படி எல்லாம் சரி.

“இது துப்பாக்கியா, தையல் மிஷினா?” என்றாள் ராக்னா.

“சுட்டுப் பாரு.”

சுட்டாள். ஆண்டுதோறும் வேட்டைக்கு முன் எல்லோரும் தேற வேண்டிய சோதனையில், படுத்து, ஐந்து குண்டும் வட்டத்துக்குள். பிறகு தளத்துக் குடிசையில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிளைத் தின்றபடி, வேட்டைக்குழுத் தலைவன் ஆர்வேயின் மூக்குக்கு நேரே இலக்குத்தாளை ஆட்டிக் காட்டினாள். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

“என்னடா பாக்கற? எம்பொண்ணு பண்ணது.”

“பொண்ணு பண்ணுச்சு, கெழவி சுட்டுச்சு. பாராட்ட ரெண்டாப் பிரிச்சுக்கோங்க.”

அன்று சிக்னேயின் உடம்பிலும் ராக்னாவின் உடம்பிலும் இருந்தது மெல்லிய பருத்திச் சட்டை. வெயில் இருபத்து நான்கு டிகிரி.

அக்டோபரில் நடந்ததை ராக்னா இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னாள். அதுவும் போனில், “கட்டை கொஞ்சம் நீளம்டி” என்ற அளவில். முழுக்கதையையும் சிக்னே ஆர்வேயிடம்தான் வாங்கினாள்.

முதல் பனி விழுந்த காலை, மைனஸ் எட்டு. ராக்னா சதுப்புநில ஓரத்தில் தனக்கென்று இருபத்தைந்து ஆண்டாக ஒதுக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அறுபது மீட்டரில் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையிலிருந்து ஒரு பெண் மூஸ் வெளியே வந்து நின்றது. ராக்னா எழுந்தாள். துப்பாக்கியின் பின்முனை கோட்டின் அக்குளில் மாட்டிக்கொண்டது. உருவி மறுபடி தூக்கினாள். கட்டை தோளில் உட்காரவில்லை, புஜத்தில் உட்கார்ந்தது. தொலைநோக்கியில் பிறை மாதிரி ஒரு கீற்றுத்தான் தெரிந்தது. அந்தக் கீற்றுக்குள் மிருகம் நகரத் தொடங்கியது. சுட்டுவிட்டாள்.

குண்டு வயிற்றில் பட்டது.

மோப்பநாயோடு அன்று முழுக்கத் தேடினார்கள். மறுநாள் மதியம், நான்கு கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு சதுப்பில் அது படுத்துக் கிடந்தது. தலையைத் தூக்கிப் பார்த்ததாம். ஆர்வே முடித்துவைத்தான். அறுபத்தெட்டு வயதில், அந்த இரண்டு நாளும் நாய்க்குப் பின்னாலேயே நடந்தவள் ராக்னா. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. தன் பங்கு இறைச்சியை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நெருப்பைச் சுற்றிக் காப்பி குடிக்கையில் ஆர்வே ஏதோ லேசாகப் பேசிப் பார்த்தான்.

“எல்லாருக்கும் நடக்கறதுதான் ராக்னா. எனக்கு நடக்கலையா, தொண்ணூத்தி...”

“பேசாம காப்பிய ஊத்துடா.”

ஊற்றினான். அவள் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: “நின்னுக்கிட்டு, இந்தக் கோட்டோட, அஞ்சுக்கு அஞ்சு. அது வரைக்கும் அடுத்த வருஷ வேட்டைப் பட்டியல்ல எம்பேர எழுதாத.”

“மே மாசம் பத்தாம் தேதி பட்டியல் போகணும்.”

“அதுக்குள்ள வரலேன்னா எழுதாத.”

இதைக் கேட்டுவிட்டுச் சிக்னே தன் பழைய அளவுக் குறிப்பை எடுத்துப் பார்த்தாள். அரை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தவள், கோட்டை அளக்க மறந்திருந்தாள். தடித்த கம்பளி தோளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் தின்றுவிடும் என்பது பள்ளத்தாக்கில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அங்கே எல்லோரும் சோதனைக்கு ஆகஸ்டில்தான் போகிறார்கள், படுத்துத்தான் சுடுகிறார்கள். அவளும் அந்த ஊர்ப்பெண்தான்.

“ரெண்டு வளையத்தக் கழட்டினாப் போதும்மா” என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். “நானே வந்து பண்ணித்தரேன்.”

“கோடைக்கு ஒரு நீளம், பனிக்கு ஒரு நீளம்னு நான் ஸ்பேனர எடுத்துக்கிட்டுக் காட்டுல உக்காந்திருக்கவா? அதோட அந்த மூலை கத்தி மாதிரி இருக்கு, கம்பளியப் புடிச்சு இழுக்குது. கன்னத்துல வச்சா ஐஸ். நான் மேல துணி ஒட்டினேன், ஒனக்குச் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“நீ அவ்வளவு ஆசையா அளந்தியே.”

குளிர்காலம் முழுக்கக் கட்டையைப் பற்றித்தான் பேச்சு. சிக்னே படங்கள் அனுப்புவாள். கண்ணாடியிழைக் கட்டை ஒன்று இறகு மாதிரி இருந்தது. “எடை இல்லேன்னா உதை எங்க போகும்? எந்தோளுக்குத்தான்” என்று ராக்னா தள்ளினாள். கட்டைவிரலுக்குத் துளை வைத்த போட்டிக்கட்டை அழகாக இருந்தது. “கையுறை போட்டு அந்தத் துளையில நொழைக்கறதுக்குள்ள மூஸ் ஸ்வீடனுக்கே போயிரும்.” கடைசியில் ராக்னாவே ஒன்றைக் காட்டினாள். மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி ஒட்டி இழைத்த கட்டை. ஈரத்தில் வளையாது. அலுமினியத்தைவிட எடை குறைவு, கண்ணாடியிழையைவிட அதிகம். கன்னம் வைக்கும் மேடு உயரமாகவே செதுக்கியது, ஏற்ற இறக்க எதுவும் இல்லை. நீளத்தை மட்டும் நாமே வெட்டிக்கொள்ள வேண்டும்.

“மேடு அசையாதும்மா. நாலஞ்சு மில்லி தப்பினாக்கூட ஒண்ணும் செய்ய முடியாது.”

“அசையாதது நல்லது. முப்பது வருஷம் நான் தபால் பொட்டிக்கு ஏத்தமாதிரி வளைஞ்சேன். இது எனக்கு ஏத்தமாதிரி இருக்கட்டும். நீ வந்து கோட்டோட அள.”

அப்படித்தான் ஈஸ்டருக்குச் சிக்னே போனாள். திங்களன்று திரும்பினாள். சுடுதளத்துப் பாதையில் அப்போது முழங்கால் அளவு பனி, புதுக் கட்டையில் சுட்டுப் பார்க்க முடியவில்லை.

மே ஐந்தாம் தேதி, செவ்வாய், மாலை நாலேகாலுக்கு ராக்னா கூப்பிட்டிருக்கிறாள். சிக்னே மலைக்குள் விசையாழிக் கூடத்தில் இருந்தாள். அங்கே போன் எடுக்காது. ஆறு மணிக்கு வெளியே வந்து, தவறிய அழைப்பைப் பார்த்து, “நாளைக்குப் பேசறேன்மா” என்று செய்தி அனுப்பினாள். அம்மா கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று அனுப்பினாள்.

புதன் காலை வாசற்படியைப் பெருக்கும்போது ராக்னா விழுந்தாள். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. தன் பழைய தடத்தில் இப்போது தபால் போடும் இளைஞன்தான் அவளைப் பார்த்தான்; அதற்குள் உயிர் போயிருந்தது.

சிக்னே வந்தாள். கையெழுத்துகள் போட்டாள். சட்டப்படி துப்பாக்கியை ஆர்வே தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட எடுத்துப்போனான். வாசலில் அதை ஒருமுறை, தரையைப் பார்த்து, தோளில் வைத்துப் பார்த்தான்.

“எனக்குச் சின்னது” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அம்மா அந்தக் கட்டையில் சுட்டாளா, அளவு சரியாக இருந்ததா, இரண்டாவது முறையும் தான் தப்பாக அளந்துவிட்டோமா என்று கேட்க ஆளில்லை. அவனுக்கும் தெரியவில்லை. “எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே” என்றான்.

வெள்ளியன்று, அடக்கப் பாடல்களை முடிவு செய்யத் தேவாலயத்துக்குப் போக வேண்டியிருந்தது. சிக்னே அம்மாவின் காரை எடுத்தாள். இருக்கையைப் பின்னால் தள்ளினாள். தள்ளும்போது அடியில் காகிதம் நசுங்கும் சத்தம் கேட்டது. குனிந்து எடுத்தாள். இரண்டாக மடித்த இலக்குத்தாள்.

ஐந்து துளைகள். நான்கை ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம். ஐந்தாவது மேலே இடப்பக்கம், தனியாக, ஆனால் வட்டத்துக்குள். ஓரத்தில் அம்மாவின் தபால்கார எழுத்து: ‘மே 5. நூறு மீட்டர். நின்று. கோட்டு.’

சிக்னே துளைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஐந்தாவதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

பிறகு தாளைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் இருந்தது: ‘ஆர்வேக்கு. தபாலில் போடாமல், நேரில். புதன்.’