கோயிலுக்கு இரவல் போன பம்பு

அன்று அந்தக் காய்கறித் தோட்டத்தில் ஐந்து பேர் இருந்தோம். ஈப்போவிலிருந்து காரில் வந்தவர்கள் மூன்று பேர்: நஞ்சு தெளிக்காத காய்கறிகளை வாங்கி விற்கும் சங்கத்தின் தலைவியான ஓய்வுபெற்ற டீச்சர், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற சங்கப் பொருளாளர் சார், அந்தச் சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை செய்த நான். தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர்: அக்காவும் அவர் கணவரும். வரவேண்டியவர் ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை. அவர் அக்காவின் அண்ணன், எஸ்டேட் மாரியம்மன் கோயிலின் தலைவர். திருவிழாவுக்குப் பந்தல் பேச சுங்கை சிப்புட்டுக்கு மோட்டாரில் போயிருந்தார். அவர் காலையிலேயே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்று கேட்கக் கூடாத சில சொற்களை நாங்கள் கேட்டிருக்க மாட்டோம்.

மலேசியாவில் எண்பதுகளின் நடுப்பகுதி அது. அந்த எஸ்டேட்டில் பாதி ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டிருந்தார்கள். மரம் வெட்டும் வேலை, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை, குறைந்தது. களைக்கொல்லி அடிக்கும் வேலை மட்டும் குறையவே இல்லை. எஸ்டேட்டில் அதை மருந்து என்றுதான் சொல்வோம். அக்கா பல வருஷம் மருந்து அடிக்கும் கும்பலில் இருந்தவர். முதுகில் பம்பு, காலில் கிழிந்த பூட்ஸ், கையுறை கிடையாது. வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் கழன்று விழுந்தது, திரும்ப முளைக்கவில்லை. என் அம்மாவும் அதே வேலை செய்தவர். எங்கள் வீட்டில் முதலில் ஐந்தாம் படிவம் தாண்டியவன் நான். என் பள்ளிக் கட்டணத்தில் அந்த வாடை இருந்தது.

ஒருநாள் மூக்கில் ரத்தம் வந்தபோது அக்கா வேலையை விட்டார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், ஆற்றோரம், எஸ்டேட்டுக்கு உதவாது என்று கிடந்த நிலத்தைக் கொத்திக் காய்கறி போட்டார். பயத்தங்காய், கத்தரி, வெண்டை, கீரை. எங்கள் சங்கம் அந்தத் தோட்டத்தைச் சோதித்து, தேறியது என்று சொல்லிவிட்டால் சனிக்கிழமைதோறும் ஈப்போவிலிருந்து வேன் வந்து நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளும். தேறாவிட்டால் சந்தை முதலாளியான பாசார் தவுக்கே கொடுப்பதுதான் விலை. அதை வைத்து வீடு நடத்த முடியாது. கும்பலில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, எப்போது வருகிறாய் என்று கும்பலை வேலை வாங்கும் மண்டோர் ஏற்கெனவே இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார். வேன் வர வேண்டும், இல்லையேல் பம்பைத் தோளில் மாட்ட வேண்டும். மூன்றாவது வழி அக்காவுக்கு இல்லை.

டீச்சர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார்.

"உரம் என்ன போடுறீங்க?"

"மாட்டுச் சாணிதான் டீச்சர். பால்காரரு வீட்டுல அள்ளிட்டு வாரோம். நல்லா மக்க வச்சுத்தான் போடுவோம்" என்றார் அக்கா.

"யூரியா போடுறதில்லையா?"

"அத வாங்கக் காசு எங்க இருக்கு டீச்சர்?" என்று அக்காவின் கணவர் சிரித்தார்.

"அப்ப காசு இருந்தா வாங்குவீங்க. அப்படித்தானே?" என்றார் சார்.

வாய் தவறிய ஒரு வேடிக்கைப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மனிதரைக் கூண்டில் ஏற்றுகிற கேள்வி அது. அக்காவின் கணவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. 

பூச்சிக்கு என்ன அடிக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். மிளகாயும் பூண்டும் அரைத்துக் கரைத்து, வடிகட்டி, பம்பில் ஊற்றி அடிப்பதாக அக்கா சொன்னார். சொல்லிவிட்டு, "அடிச்சும் கீழ்ப் பாத்தியில ஒரு நோவு வந்திருக்கு தம்பி, வந்து பாருங்களேன்" என்று எங்களை அவரே கூட்டிப்போனார். யாரும் கேட்கவில்லை. மறைக்க நினைக்கிறவர் எங்களை அந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டார். சோதிக்க வந்தவர்களை அவர் வைத்தியர்கள் என்று நம்பியிருந்தார்.

பயத்தங்கொடி. இளந்தளிர்கள் பச்சையாக இருந்தன. முற்றிய இலைகளில் மட்டும் சுருட்டு நெருப்பால் தொட்டது போல வட்ட வட்டமாகக் காய்ந்த புள்ளிகள். நடுவில் வைக்கோல் நிறம், ஓரத்தில் பழுப்பு. எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மருந்துக் கும்பல் போன மறுநாள் லயத்து வாழை இலைகளில் நாங்கள் பார்க்கும் அதே புள்ளி.

நான் வாய் திறப்பதற்கு முன் டீச்சர் முந்திக்கொண்டார். அவரும் புத்தகத்தில் படம் பார்த்திருந்தார்.

"களைக்கொல்லி அடிச்சிருக்கீங்க."

"இல்ல டீச்சர்."

"இலையே சொல்லுதே."

"நான் அடிப்பனா டீச்சர்? இந்தக் கையப் பாருங்க." அக்கா வலது கையை நீட்டினார்.

டீச்சர் பார்த்தார். பார்த்துவிட்டு, "பழகின கைதானே" என்றார்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. நகம் போன விரலைக் கண்முன் நீட்டிய பெண்ணுக்கு எதிராக அதையே சாட்சியமாகத் திருப்பினார். எத்தனை வகுப்புகளில் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய வாய் அது! அக்கா கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

நான் கொட்டகைக்குப் போனேன். கழியில் பம்பு தொங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்ததும் மிளகாய் நெடிக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை எழுந்து மூக்கைக் கிள்ளியது. என் அம்மா வேலை முடிந்து வந்து, வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போடுவாரே, அந்த வாடை. வடிகட்டியைக் கழற்றினால் அடியில் மருந்தின் நீலப்பச்சைக் கறை.

"அக்கா, இந்தப் பம்ப யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"கோயிலுக்குக் குடுத்தேன். அண்ணன் வந்து கேட்டாரு. மறுநாளே திருப்பிக் குடுத்துட்டாரே. அதுலதான் கீழ்ப் பாத்திக்கு அடிச்சேன்."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். "கோயிலுக்குன்னு கேக்கறப்ப எதுக்குன்னு கேப்பாங்களா தம்பி?"

கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். எஸ்டேட்டில் பக்கத்து வீட்டுக்குக் கத்தி இரவல் கொடுத்தால்கூட எதற்கு, எப்போது வரும் என்று கேட்போம். கோயிலுக்கு என்றால் அண்டா, பெஞ்சு, சைக்கிள், கட்டியிருக்கிற வேட்டி வரை எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வோம். கேட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்றில்லை. கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. அந்தப் பழக்கத்தில் ஓர் அழகு இருந்தது. அந்த அழகுக்குள் புகுந்துதான் அந்த வருஷம் விஷம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சத்தம் கேட்டது. பந்தல் பேசி முடித்த சந்தோஷத்தில் அண்ணன் வந்து இறங்கினார். பம்பு என் கையில் இருப்பதைப் பார்த்ததும், "என்னா தம்பி, பம்பு கெட்டுப்போச்சா? நான் நல்லாத்தானே கழுவிக் குடுத்தேன்" என்றார்.

"என்ன அடிச்சீங்க அண்ணே?"

"லாலாங்குக்கு மருந்து. தீமிதித் திடல் பூரா ஆளு ஒசரத்துக்கு லாலாங் புல்லு மண்டிக் கெடந்துச்சு. பால்குடம் தூக்குறவங்க வெறுங்காலோட வருவாங்க, குத்தாதா? வருஷா வருஷம் எஸ்டேட்டுல மருந்தும் பம்பும் நன்கொடையா குடுக்கறதுதான். இந்த வருஷம் எஸ்டேட் பம்பு ரெண்டும் ரிப்பேர்னு மேனேஜர் மருந்து மட்டும் குடுத்துட்டாரு. சாமி காரியம் லா."

"என் பம்புலயா ஊத்துன?" என்றார் அக்கா. 

"அதான் கழுவிட்டனே! ஆத்துல முக்கி முக்கிக் கழுவுனேன்."

"எந்த எடத்துல?"

அவர் கை நீட்டிய இடம், அக்கா தினமும் செடிகளுக்குத் தண்ணீர் மொள்ளும் துறைக்குச் சற்று மேலே, தண்ணீர் வரும் பக்கம் இருந்தது.

டீச்சரும் சாரும் மாமர நிழலுக்கு ஒதுங்கி ஆங்கிலத்தில் பேசினார்கள். அக்காவுக்கும் அவர் கணவருக்கும் புரியக்கூடாது என்பதற்காக. எனக்குப் புரியும் என்பது அவர்களுக்கு நினைவில்லை. "இவர்களிடம் இதுதான் தொல்லை" என்றார் சார். திரும்பி வந்து தமிழில் தீர்ப்பு சொன்னார்கள். தேறவில்லை. கீழ்ப் பாத்தி முழுவதையும் பிடுங்கி எரிக்க வேண்டும். புதுப் பம்பு வாங்க வேண்டும். மண்ணையும் தண்ணீரையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கோயில் திடலில் இனி மருந்து அடிக்கக் கூடாது. எல்லாம் அக்காவின் செலவில். அதற்குப் பிறகு மறு சோதனை.

ஒன்றை நேர்மையாகச் சொல்கிறேன். அந்தப் பயத்தங்காயை விற்கக் கூடாது என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. விற்க வந்திருந்தால் நானே தடுத்திருப்பேன். என் கோபம் விதிமேல் அல்ல.

"வேணும்னு செய்யலியே டீச்சர். சங்கமே பாதிச் செலவ ஏத்துக்கலாமே" என்றேன்.

"சட்டம் சட்டம்தான் தம்பி. ஆளப் பாத்து மாத்த முடியாது" என்றார் சார்.

ஆளைப் பார்த்து மாற்ற முடியாதாம். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் லகாட்டில் ஒரு கொய்யாத் தோட்டத்தைச் சோதித்தோம். பழைய ஈயச் சுரங்கத்து மணல். புல்லே யோசித்து யோசித்து முளைக்கிற மண்ணில் குழந்தைத் தலை அளவுக்குக் கொய்யா. தோட்டக்காரர் சாரின் நண்பர். முன்வாசலில் தேநீர், பலகாரம், பழைய கதைகள். டீச்சரும் சாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் மட்டும் பின்பக்கம் போனேன். தார்ப்பாய் போட்டு மூடிய மூட்டைகள். ஒரு மூட்டையின் கிழிசலிலிருந்து வெள்ளை யூரியா மணிகள் சிந்தியிருந்தன. வந்து கேட்டேன். "அது பக்கத்து வீட்டுக்காரரோடது" என்றார் தோட்டக்காரர். "தம்பிக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்" என்றார் சார். மூவரும் சிரித்தார்கள். தோட்டம் தேறியது. வரும்போது டீச்சருக்கு ஒரு கூடை கொய்யா.

ஈப்போ திரும்பும் காரில் நான் கேட்டேன்: "அப்ப லகாட், சார்?"

சார் காரின் பின்பார்வைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "படிச்சும் நீ இன்னும் எஸ்டேட்டுலயே இருக்க தம்பி."

"ஆமா சார். எங்கம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க."

டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். 

அந்த வாரமே அக்கா கொடிகளைப் பிடுங்கி எரித்தார். காய் பிடித்திருந்த கொடிகள். அதன் பிறகு கோயில் கூட்டம். நானும் போயிருந்தேன். பெண்கள் வழக்கம்போலப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மைக்கைப் பிடித்து வரவு செலவு வாசித்துக்கொண்டிருக்கும்போது அக்கா எழுந்து நின்றார்.

"அடுத்த வருஷம் திடல்ல மருந்து அடிக்கக் கூடாது."

"சாமி காரியத்துல ஒன் காய்கறி யாவாரத்தக் கொண்டாராத" என்றார் அண்ணன்.

"யாவாரத்த விடு. மருந்தடிச்ச தரையில பால்குடம் தூக்கிட்டு வெறுங்காலோட நடக்கறது யாரு? நானும் எம்மகளும். நீ செருப்பு மாட்டிக்கிட்டு மைக்குப் பிடிக்கற."

பின்வரிசையில் சிரிப்பு பொங்கியது. "சொல்லு, நல்லா சொல்லு" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அண்ணனின் பார்வை தானாகத் தன் செருப்புக்குப் போனது.

"சரி, அப்ப லாலாங்க யாரு வெட்டறது? ஒன் ஈப்போ சங்கமா?"

"ஆள் வச்சு வெட்டலாம்."

"கூலி யாரு குடுப்பா?"

சிரித்த வரிசை அடங்கியது. முன்வரிசை கூரையைப் பார்த்தது. மருந்து வேண்டாமென்றால் அதற்குப் பதில் பணமாகத் தர முடியாது என்று மேனேஜர் ஏற்கெனவே ஆபீஸ் எழுத்தர் கிராணி மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் திடலில் நடக்கப்போகிற அத்தனை குடும்பமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. ஒரு வெள்ளி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நான் குடுக்கறேன்" என்றார் அக்கா.

கொடுத்தார். அடுத்த திருவிழாவுக்கு இரண்டு ஆள் வைத்து லாலாங்கை வேரோடு வெட்டினார்கள். கொத்திய மண்ணில் நடக்க நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மேனேஜரின் பெயரை மட்டும் பழக்கதோஷத்தில் நன்கொடையாளர் வரிசையில் முதலில் வாசித்தார்கள்.

மறு சோதனைக்கு நான் போனேன். மண்ணும் தண்ணீரும் சுத்தம் என்று சோதனைக்கூடம் சொல்லியிருந்தது. தோட்டம் தேறியது. முதல் சனிக்கிழமை வேனோடு டீச்சரும் வந்து, "நான் அப்பவே நெனச்சேன், நீங்க நல்லா வருவீங்கன்னு" என்று அக்காவின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா கையை விடுவித்துக்கொண்டு, கீரைக் கட்டுகளை வண்டியில் ஏற்றப் போனார். மண்டோர் அதன் பிறகு ஆள் அனுப்பவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

லகாட் கொய்யாவும் அதே வேனில்தான் போனது. அந்த மனிதருக்கு இரண்டு கோப்பைத் தேநீரும் ஒரு கூடைப் பழமும் செலவு. அக்காவும் அவர் கணவரும் தாங்கள் செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று காட்டுவதற்குப் புதுப் பம்பு, சோதனைக்கூடம், லாலாங் வெட்டிய கூலி, எரித்த கொடிகள், மறு சோதனைக்கு நான் போய்வந்த பஸ் காசு என்று எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். அக்காவின் கணவர் மாதம் முழுக்க மரம் வெட்டினாலும் கைக்கு வராத தொகை அது. நானூற்றுப் பதின்மூன்று வெள்ளி.