கிளாசுக்குள் எரிந்த ஜின்

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது ஒரு ஜின் என் சொல்லைக் கேட்டது. தண்ணீருக்குள் போ என்றால் போகும், எரி என்றால் சிவப்பாய் எரியும். இப்படிச் சொல்லித்தான் எங்கள் ஊரான பள்ளிவாசல்துறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரை என் வாயையே பார்க்க வைத்திருந்தேன்.

ஜின் உண்மையில் மாமாவின் சாமான். மாமா உம்மாவின் தம்பி; எங்களோடுதான் இருந்தார். யுத்தம் முடிந்து, இரவிலும் கடலுக்குப் போகலாம் என்றானதும் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கினார். அதன் தோளில் பெருவிரல் அளவில் ஒரு குட்டி லைட். சுவிட்ச் கிடையாது. தண்ணீர் பட்டால் எரியும், துடைத்தால் அணையும். எதற்கென்று நான் கேட்கவில்லை. இப்படியொன்று கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் தொங்கினால் ஒன்பது வயதில் யார்தான் கேட்பார்கள்?

பகலில் மாமா குறட்டை விட்டுத் தூங்குவார். நான் லைட்டைக் கழற்றி, யன்னலில் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்குவேன். கிளாஸ் நிறையத் தண்ணீர். ஓதுவதுபோல் முணுமுணுத்து, ஊதி, உள்ளே போடுவேன். ஆறு பேரும் ஒரே சத்தமாய் அலறுவார்கள். முடிந்ததும் துடைத்து, ஜாக்கெட்டில் மறுபடி கட்டிவிடுவேன். மாமா தங்கூசி நைலோன் நூலால் போட்டிருந்த முடிச்சு எனக்கு வரவில்லை. என் பின்னல் ரிபனில் பாதியைக் கிழித்து, பூ முடிச்சாய்ப் போட்டு, மடிப்புக்குள் செருகிவைத்தேன்.

பத்து நாளில் வெளிச்சம் மங்கியது. ஜின்னுக்குக் களைப்பு என்றேன். ஒரு வியாழக்கிழமை அது எரியவே இல்லை. ஜின் ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லிக் கட்டிவைத்தேன்.

மறுநாள் விடிய சுபஹுத் தொழுகை முடிந்த நேரம் போட் வந்தது, மாமா வரவில்லை. கூடப் போன கூட்டாளி வாசல் படலையடியில் நின்று அழுதார்.

"ராத்தா, வலை இழுக்கக்க விழுந்திட்டாரு. மூணு தரம் சுத்தித் தேடினம். ஜாக்கெட்டுல லைட் இரிக்கே, தண்ணி பட்டா எரியுமே… எரியல்ல ராத்தா. எரிஞ்சிருந்தா ஆளக் கண்டிருப்பம்."

உம்மா அப்படியே மணலில் இருந்துவிட்டார். அந்த லைட் எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. மாமாவைக் கொன்றது நான். யாரிடமும் சொல்லாமல் அறைக்குள் ஓடினேன். மேசையில் கிளாஸ் நேற்றைய தண்ணீரோடு இருந்தது. அதை யன்னலால் ஊற்றினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்ல முன்பே உச்சமுனை மீன்பிடி ஆட்கள் மாமாவை உயிரோடு கொண்டுவந்தார்கள். யாரோ போட்டிருந்த வலையின் மிதப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தாராம். உதடு வெடித்து, கண் சிவந்து, ஜாக்கெட்டோடு கதிரையில் சாய்ந்தார். உம்மாவின் கோபமெல்லாம் லைட் விற்ற கடைக்காரன்மேல் போயிற்று.

"நாசமாப் போவான், பழுதானதக் குடுத்திரிக்கான்! தம்பி, அதக் கழட்டித் தா. அவன்ட மூஞ்சில எறிஞ்சிட்டு வாறன்!"

மாமா தோளுக்குக் கையைக் கொண்டுபோனார். விரல்கள் மடிப்புக்குள் நின்றன. குனிந்து முடிச்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் இடது பின்னலில் பாதியாய்த் தொங்கிய ரிபனையும் பார்த்தார்.

"அது கடல்லயே கழண்டு போயிட்டு ராத்தா," என்றார். பொத்திய கையோடு எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

அப்பாடா, பிடிபடவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. கடல் தண்ணீர் மாமாவின் கண்ணைக் கெடுத்துவிட்டது என்றுகூட எண்ணிக்கொண்டேன்.

அடுத்த கிழமை புது லைட் வந்தது. தங்கூசியால் இறுக்கிக் கட்டி, ஜாக்கெட்டை அதே ஆணியில், என் கைக்கு எட்டும் அதே உயரத்தில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனார். இந்த மாமாவுக்குப் புத்தியே வராது என்று நினைத்தேன்.