மூன்று தடவை விசில்

பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து என்று வயர்லெஸ்ஸில் சொன்னால் மற்ற போலீஸ்காரர்களுக்கு என்ன ஆகுமோ, எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஜீப்பில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொள்வேன். "பொம்பளப் பிள்ளைன்னாலும் தைரியத்தப் பாரு" என்று எங்கள் ஏட்டையா ஸ்டேஷனில் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் அதைத் திருத்தவில்லை. விருதுநகர் பஜாரில் பருப்புக் கடை வைத்திருந்த, என்னைப் பெற்ற அத்தா, போலீஸ் வேலை வேண்டாம் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். அவரை மீறி வந்து சேர்ந்தவள், பயமாக இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

அது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. எனக்கு வேலையில் மூன்றாவது வருஷம். காலை பதினோரு மணி வாக்கில், தாயில்பட்டிக்கு அப்பால் ஒரு கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூம் வெடித்துவிட்டது. கம்பெனி என்றால் ஒரே கட்டடம் இல்லை. ஒன்று போனாலும் அடுத்தது தப்பிக்கட்டும் என்று பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். நாங்கள் போய் இறங்கும்போது மேற்கு வரிசையில் மூன்று ரூம்கள் எரிந்துகொண்டிருந்தன. அந்த வரிசையின் கோடியில், செய்து முடித்த வெடிகளை அடுக்கிவைத்திருந்த குடோன். குடோனை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் வெறும் அட்டைப்பெட்டிகள்.

தீயை அணைப்பது எங்கள் வேலை இல்லை. தண்ணீர் வண்டி வருகிற பாதையை யாரும் அடைக்காமல் பார்ப்பது, ஜனத்தை வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கமே கயிறு கட்டி நிறுத்துவது, தீயணைப்புக்காரர்கள் மேல் யாரும் பாயாமல் காப்பது, இவ்வளவுதான். கடைசியில் சொன்னதுதான் உயிரை வாங்கும். உள்ளே பெற்ற பிள்ளை கிடக்கும்போது, ஹெல்மெட் போட்ட ஒருவர் தள்ளி நின்று தண்ணீர் பீய்ச்சினால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? சில மருந்துகள் மேல் தண்ணீர் பட்டாலே வெடிக்கும், அதனால்தான் தள்ளி நிற்கிறார்கள் என்பதை அந்த நேரத்தில் யாரிடம் உட்கார்ந்து விளக்குவது?

அன்றைக்குக் குழாயைப் பிடித்து முன்னால் போனவர் நாற்பது வயது தாண்டிய ஒரு தீயணைப்பு வீரர். வேறு நாலைந்து இடங்களில் பார்த்த பழக்கம். அண்ணே என்று கூப்பிடுவேன். ஆள் பற்றாக்குறை என்பதால் என்னிடம் வந்தார்.

"தாயி, முன்னால நின்னா குடோனோட பின்பக்கம் எங்களுக்குத் தெரியாது. நீ அந்த வேப்பமரத்துக்கிட்ட நின்னு மேல இருக்க சின்ன ஜன்னலயே பாத்துக்கிட்டு இரு. அதுல பொக வந்துச்சுன்னா மூணு தடவ விசில் அடி. நாங்க போட்டது போட்டபடி வந்துருவோம்."

"சரிண்ணே."

"கண்ண அங்கிட்டு இங்கிட்டுத் திருப்பிராத. நாலு பேரு உசுரு ஒங்கிட்டதான் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் விசிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

வேப்பமரத்தடியில் நான் தனியாக நிற்கவில்லை. கயிற்றைத் தாண்டி ஓடிவந்த ஒரு அம்மாவை ஏட்டையா பிடித்து என் கையில் ஒப்படைத்திருந்தார். அந்தக் கம்பெனியிலேயே வெடிகளுக்குத் திரி வைக்கிறவர். வெடித்தவுடன் முன் கேட் வழியாக ஓடிவிட்டார். மகள் பின்பக்கத்து ரூமில் வேலை பார்த்தாள். மரத்தடிக்கு வந்தபிறகுதான் மகள் அவர் கண்ணில் பட்டாள். கம்பி வேலியின் ஓட்டை வழியாக வெளியேறிய ஏழு பெண்கள், அந்தப் பக்கம் உடைமுள் மரத்து நிழலில் ஒட்டி நின்றார்கள். கை, முகமெல்லாம் வெள்ளியாக மருந்து அப்பியிருந்தது. அவர்களில் பச்சைத் தாவணிதான் மகள். அந்த அம்மா பெரிதாக மூச்சு விட்டார். என் இடது கையை மட்டும் விடவே இல்லை.

ஜன்னலில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு இழை. பார்த்தது நிஜமா என்று நான் யோசிப்பதற்குள் புகை தடித்துவிட்டது. விசிலை வாயில் வைத்தேன். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் மூன்று தடவை, என் பலம் முழுவதையும் கூட்டி ஊதினேன்.

சொன்னபடியே தீயணைப்புக்காரர்கள் நால்வரும் குழாயைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தார்கள். "ஓடுறாங்கெ பாருலே" என்று கூட்டத்தில் யாரோ கத்த, ஒரு கல் பறந்து வந்து ஒருவரின் ஹெல்மெட்டில் பட்டது. ஏட்டையா லத்தியோடு குறுக்கே போய் நின்றார். நால்வரும் தப்பித்துவிட்டார்கள், என் வேலையை நான் சரியாகச் செய்துவிட்டேன் என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தேன்.

அந்த அம்மாவின் நகம் என் கையில் இறங்கியது.

உடைமரத்தடியில் நின்ற ஏழு பெண்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெளியே இல்லை, உள்ளே. வேலி ஓட்டையில் ஒவ்வொருத்தியாகக் குனிந்து நுழைந்து, நேரே அந்தத் தகரக் கொட்டகைக்குள் போனார்கள். கடைசியில் போனவள் கதவைச் சாத்தினாள்.

"ஏன் விசிலடிச்சீக?" என்றார் அந்த அம்மா. "எதுக்கும்மா விசிலடிச்சீக?"

எனக்குப் புரியவில்லை.

"செக்கிங் ஜீப்பு வந்தா வாட்ச்மேன் மூணு விசில் அடிப்பாரு. ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுல்ல. கூட இருக்கவுகெல்லாம் அட்டைப்பெட்டிக்குப் பின்னால போயி மூச்சுக் காட்டாம உக்காந்துக்கிரணும். ஒங்க காக்கியவும் பாத்துருச்சுக. நீங்க கூப்பிட்டா வராதுகம்மா."

பக்கத்தில் தீ எரியும்போது யாராவது போய் ஒளிவார்களா என்று கேட்கலாம். நானும் பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒளியாமல் மாட்டிக்கொண்டால் மறுநாள் வேலை இல்லை என்று வருஷக்கணக்காகப் பழக்கிய கால்கள் அவை. விசில் கேட்டவுடன் அவர்கள் யோசிக்கும் முன்னே கால் ஓடிவிட்டது.

கதவு சாத்துவதை அண்ணனும் பார்த்துவிட்டார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி ஓடினார். கொட்டகைக் கதவை இரண்டு கையாலும் அடித்தார். "ஏம்மா, வெளிய வாங்க, குடோன் போகப்போகுது" என்று அவர் கத்துவது எங்கள் வரைக்கும் கேட்டது. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். அடிக்க அடிக்க, செக்கிங் ஆபீசர்தான் அடிக்கிறார் என்று இன்னும் ஒடுங்கித்தானே உட்கார்ந்திருப்பார்கள்? ஜன்னல் புகை இப்போது கறுத்துவிட்டது.

அந்த அம்மாவை மரத்தைத் தாண்டி விடக் கூடாது என்பது உத்தரவு. அவரை இழுத்துக்கொண்டு நானே ஓடினேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பயந்துதான் ஓடினேன். அத்தா முகம் கண்ணுக்குள் வந்தது. அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

"ஏ புள்ள, நாந்தாண்டி. ஆபீசரு யாருமில்ல. அம்மா வந்துருக்கேன், தொற."

அந்த அம்மா இரண்டாவது தடவை கூப்பிட்டபோது தாழ்ப்பாள் விலகியது. ஒவ்வொருத்தியையும் அண்ணன் தோளைப் பிடித்து வேலிப் பக்கம் தள்ளினார். நான் ஓட்டையில் நின்று தலையை அமுக்கி அமுக்கி வெளியே விட்டேன். பச்சைத் தாவணி ஆறாவது, அவள் கையைப் பிடித்தபடியே அந்த அம்மாவும் வெளியேறினார். ஏழாவது பெண் நுழைந்தபோது, "நீயும் போ தாயி" என்று என் முதுகில் கை வைத்தார்.

முள்ளில் முகம் குப்புறக் கிடந்தேன் என்பதுதான் அடுத்து எனக்குத் தெரியும். தகரம் எங்கோ உயரத்திலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. ஏழு பெண்களுக்கும் கீறலோடு போயிற்று. வேலிக்கு உள்ளே இருந்த அண்ணனைச் செங்கல்லுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். உயிர் இருந்தது. முதலில் வெடித்த ரூமில் இருந்தவர்களைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலம் வாக்குமூலம் வாங்கியபோது அந்த அம்மா விசிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெளியே வந்து என்னிடம், "நீங்களும் சொல்லிராதீகம்மா. ஒளியிறது தெரிஞ்சா கம்பெனியப் பூட்டிருவாக. நாங்க எங்கன போவோம்?" என்றார். அவருக்காகச் சம்மதிப்பது போலத் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனுக்கு ஒரு காலில் மாவுக்கட்டு. இரண்டு காதும் போய்விட்டது, திரும்புவது சந்தேகம் என்று வாசலிலேயே அவர் மனைவி சொல்லிவிட்டார். உள்ளே நுழையும்வரை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நீ மட்டும் விசிலடிக்கலேன்னா நாங்க நாலு பேரும் இன்னைக்கு இல்ல தாயி" என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. அந்தப் பிள்ளைக வெளியத்தான நின்னுச்சுக. எதுக்குத் திரும்ப உள்ள ஓடுச்சுக? தெரிஞ்சா எழுதிக் காட்டு."

பேனாவைத் திறந்தேன். 'பயத்தில்' என்று ஒரே வார்த்தை எழுதி நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் படித்துவிட்டு, பாவம் என்று உச்சுக் கொட்டினார்.

"தீயப் பாத்தா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.