எட்டாம் பக்கத்துக் கொள்ளுத்தாத்தா

காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்கு, தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "அம்மா, இந்தப் புஸ்தகத்துல எட்டாம் பக்கத்தை நீ படிச்சியா?"

அது என் கொள்ளுத்தாத்தாவின் வரலாறு. பெருவெள்ளத்தில் வெண்ணாற்றுக் கரை உடையாமல் ஊரைக் காத்தவர். அதற்காக என் பிறந்த வீட்டுக்குக் கோயிலில் இன்றும் முதல் பரிவட்டம். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்கள் நாங்கள் யாரென்று தெரிந்துகொள்ளட்டும் என்று ஆறு மாதம் அலைந்தேன். ஆவணக் காப்பகத்தில், அந்தக் காலத்து அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையே கிடைத்தது. 'இவரது முயற்சியால் ஊர் தப்பியது' என்று முதல் வரி. கண் கலங்கிவிட்டது, அதற்கு மேல் படிக்கவில்லை. தமிழில் போடச் சொல்லி அப்படியே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். மெய்ப்பு வந்தபோது என் முன்னுரையை மட்டும் நான்கு முறை திருத்தினேன்.

அந்த முயற்சி என்ன என்பது எட்டாம் பக்கத்தில் இருந்தது. பன்னிரண்டு பேரோடு ஆற்றைத் தாண்டிப் போய் எதிர்க்கரையை வெட்டிவிட்டிருக்கிறார். வெள்ளம் அந்தப் பக்கம் பாய்ந்து அந்த ஊர் நடவு மொத்தமும் மூழ்கியது.

மாப்பிள்ளை வீடு அந்த ஊர்தான்.

இருநூறு தாம்பூலப் பைகளிலிருந்தும் புத்தகத்தை உருவினோம். "ஊர்ல எல்லாரும் மாப்பிள்ளையைப் பத்தி விசாரிப்பாங்க. நீ உங்க பாட்டனைப் போயி விசாரிச்சே" என்றார் கணவர், அவசரத்தில் தேங்காயையும் சேர்த்து உருவியபடி. "எல்லாம் எடுத்தாச்சுல்ல?"

எடுக்க முடியாதது ஒன்று இருந்தது. முந்தின நாளே மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு, 'அவசியம் படிக்கவும்' என்று எழுதி, நானே ஒரு பிரதி அனுப்பியிருந்தேன்.

பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் பத்தரைக்கும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த மகள் வாசலைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தே முக்காலுக்கு வேன் வந்தது. முதலில் இறங்கியவர் பெரியப்பா. கையில் புத்தகம். நேரே என்னிடம் வந்தார்.

"வர்ற வழியில எல்லாரும் எறங்கி அந்த எடத்தைப் பாத்துட்டு வர்றோம், அதான் லேட்டு. கரை தானா உடைஞ்சுதுன்னுல்ல நெனச்சிருந்தோம்! ஐயனாருக்கு ஏதோ கோபம்னு நாலு தலைமுறையா வருஷம் தவறாம பொங்கல் வைக்கிறோம். இனிமே அதை நீங்க வைங்க, சம்பந்தியம்மா."