பதினோரு மைல் சரளையும் நாற்பது கையெழுத்தும்

ரோடு இன்ஸ்பெக்டர் வேலை என்பது, ரோடு நல்லா இருந்தால் யாருக்கும் நம்ம ஞாபகம் வராத, ரோடு கெட்டுப்போனால் நம்ம அப்பன் பாட்டன் வரைக்கும் ஞாபகம் வருகிற வேலை. சைக்கிள் சீட்டில் பிழைப்பு நடத்துகிற அன்பர்களே, இந்த வலியை உங்களிடம்தான் சொல்ல முடியும். மெத்தை போட்ட நாற்காலிக்காரர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

உலகச் சண்டைக் காலம் அது. தல்லாகுளத்தில் குடியிருந்தேன். என் தலையில் கட்டிய பாதை, அழகர்மலைக்கு வடக்கே அடிவாரத்தில் ஆரம்பித்து, காட்டுக்குள் நுழைந்து, மேலே ஒரு மலைக்கிராமம் வரை போகிற பதினோரு மைல் சரளை ரோடு. கார் ஏறாது. வண்டிமாடு பாதியிலேயே படுத்துவிடும். நான் மட்டும் வாரம் இரண்டு தடவை சைக்கிளில் ஏறி இறங்கணும்.

அதுவும் தற்காலிக வேலை. மூன்று தடவை நீட்டித்துவிட்டார்கள். இஞ்சினியர் நேரில் வந்து பாதையைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் மேலூரில் மாமனாரின் தவிட்டுக் கடையில் போய் உட்காரணும். மாமனாரை நினைத்தாலே போதும், எனக்கு மலையேறத் தெம்பு வந்துவிடும்.

கொப்பு பிரேக்

ஏறுவதற்குக் கால் இருந்தால் போதும், இறங்குவதற்குக் கடவுள் வேணும். சரளையில் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் நிற்கும், சைக்கிள் நிற்காது. முதல் தடவை இறங்கினபோது நாலாவது வளைவில் நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், தொப்பி பள்ளத்தில். அப்புறம்தான் மலைக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். தழையோடு ஒரு மரக்கொப்பை வெட்டிச் சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றில் கட்டிவிட வேண்டியது. அது சரளையைப் பிறாண்டிக்கொண்டே வரும், சைக்கிளும் அடக்க ஒடுக்கமாக இறங்கும்.

அப்படி ஒருநாள் ஜம்மென்று அடிவாரம் வந்து சேர்ந்தால், புதுசாக வந்த பாரஸ்ட் கார்டு ஒருவர் குறுக்கே நிற்கிறார். "யோவ், சர்க்கார் மரத்தை எங்க இழுத்துட்டுப் போற?" என்றார். "அய்யா, இது மரமில்லை, பிரேக்கு" என்றேன். அவர் கொப்பைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார், கேஸ் எழுத நோட்டை எடுத்துவிட்டார்.

கேஸ் ஆனால் நிரந்தரமாவது மண்ணாவது! நானும் சர்க்கார் ஆள்தான் என்று அடையாள வில்லையைக் காட்டி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மனம் இரங்கி அவர் சொன்ன தீர்ப்பைக் கேட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "சரிண்ணே, நீங்களும் நம்ம ஆளாப் போயிட்டீங்க, கேஸ் வேணாம். கொப்பை வெட்டுன இடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுட்டு, வெறுங்கையா இறங்கி வாங்க!"

வைக்கோல் டயர்

டயர், டியூப் எல்லாம் பட்டாளத்துக்குப் போன காலம். ஆரப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் கையை விரித்துவிட்டார். "டியூபை மறந்துருங்கண்ணே" என்று சொல்லி, என் பழைய டயருக்குள் வைக்கோலைத் திணித்து, கிழிசலைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் பேர் எழுதும்.

எட்டாவது மைலில் வெள்ளையம்மா வீடு. நான் போனால் மோர் ஊற்றுகிற மகராசி. அந்த மலையில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே எழுந்து நிற்கும். ஒருநாள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, மோரைக் குடித்துக்கொண்டே என் கதையைச் சொன்னேன். வருகிற வியாழக்கிழமை இஞ்சினியர் சைக்கிளிலேயே வருகிறார், என் பிழைப்பு நிற்பதும் விழுவதும் அன்றைக்குத்தான் என்று புலம்பினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புலம்பி முடித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் பசுமாடு என் முன்சக்கரத்திலிருந்து வைக்கோலை உருவி உருவித் தின்றுகொண்டிருக்கிறது!

எனக்குப் பகீரென்றது. கொட்டாவி விட்ட வாய் மாதிரி டயர் தொங்குகிறது. "அய்யோ, என் சக்கரத்தைத் தின்னுதே!" என்று அலறினேன். வெள்ளையம்மா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "கத்தாதீக தம்பி, பால்மாடு மிரளும். தீவனத்தை அதுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சது உங்க தப்பு."

சுண்ணாம்புக் குவியல்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். கான்ட்ராக்டர் ரோட்டோரமாகச் சரளையைக் குவித்து வைப்பார். நாங்கள் நாடா பிடித்து அளந்து கையெழுத்துப் போட்டு, உச்சியில் சுண்ணாம்புத் தண்ணி தெளித்துவிடுவோம். எவனாவது ஒரு கூடை அள்ளினாலும் வெள்ளை கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். மேலதிகாரி வந்து மறுபடி அளக்கிறவரை ஒரு கல்லைத் தொடக்கூடாது. தொட்டால் முதலில் அளந்தவன் தலை உருளும்.

மேல் மூன்று மைலில் நாற்பது குவியல். ஒரே பகலில் அத்தனையையும் அளந்தேன். ஒவ்வொரு குவியலையும் கம்பியால் குத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கணும் என்பது விதி. அன்றைக்கு இருந்த வெயிலில் எவன் குத்துவான்? வெளியே அளந்தேன், நாற்பது கையெழுத்தையும் மளமளவென்று போட்டேன்.

வியாழக்கிழமை இஞ்சினியர் முன்னால், நான் பின்னால். எட்டாவது மைல் வளைவில் திரும்பினோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு குவியலைக்கூடக் காணோம்! ரோடு முழுக்கப் புதுச் சரளை நிரவிக் கிடக்கிறது. கூடையும் மண்வெட்டியுமாக ஊரே ஓரத்தில் நின்று சிரிக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் இஞ்சினியரின் சைக்கிள் அந்தச் சரளையில் வழுக்கி, ஆள் குப்புற விழுந்துவிட்டார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன். குவியல் இருந்த இடத்தில் எல்லாம் வரிசையாகப் பாறாங்கல், வேர்க்கட்டை, உடைந்த ஆட்டுக்கல்! கான்ட்ராக்டர் அதையெல்லாம் நடுவில் போட்டு மேலே சரளையைத் தூவியிருக்கிறான். வெள்ளையம்மா பூரிப்பாக முன்னால் வந்தாள். "அய்யா நோகாம வரட்டும்னு நேத்து ஊரே கூடி நெரவுனோம். உள்ள இருந்த கல்லு கட்டை அம்புட்டையும் பத்திரமா எடுத்து வச்சிருக்கோம். இன்சுபெட்டரு தம்பி அளந்து கையெழுத்துப் போட்டதுல்ல, ஒண்ணு குறையக் கூடாது பாருங்க!"

முழங்கால்

இஞ்சினியர் ஒரு பாறாங்கல்லின் மேலேயே உட்கார்ந்தார். முழங்காலில் ரத்தம். என்னைப் பார்த்து, "குத்திப் பார்த்தீரா?" என்று கேட்டார். அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை.

ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. 'இந்தக் கல்லையெல்லாம் ஊர்க்காரர்கள்தான் கொண்டுவந்து போட்டார்கள் சார், சரளையைத் திருடி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்' என்றால் முடிந்தது. மலைக்காரன் பேச்சை எந்த ஆபீஸ் கேட்கப்போகிறது? வெள்ளையம்மா உள்ளங்கை இரண்டிலும் சரளை கிழித்த கோடு கோடாக ரத்தம் காய்ந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இல்லை சார். வெளியே மட்டும்தான் அளந்தேன். இவங்க மேல ஒரு தப்பும் இல்லை" என்றேன். சொல்லும்போதே தவிட்டு வாசம் மூக்கில் ஏறியது.

அவர் குடிதண்ணியை முழங்காலில் ஊற்றிக் கழுவினார். கான்ட்ராக்டரை அன்றைக்கே நிறுத்தச் சொல்லித் தாளில் எழுதினார். அப்புறம் அதே தாளில் என் பெயரை எழுத ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எழுதி முடித்து அவர் சொன்னார்: "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல கையெழுத்துப் போட்ட குவியலுக்குள்ள ஒரு உடைஞ்ச மாட்டுவண்டியே இருந்துச்சுய்யா, சக்கரத்தோட. உமக்கு நிரந்தரம் எழுதிட்டேன். இதே பாதைக்கு!"

தவிட்டுக் கடை தப்பியது, ஆனால் இன்றைக்கும் யாராவது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், பேனாவைத் தேடுவதற்கு முன்னால் நான் கம்பியைத்தான் தேடுகிறேன்.