"ரெண்டுமே சுத்துது, சார்!"

புத்தூரில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் கைபேசியில் ஒரு மாணவரின் செய்தி: "மேடம் இக லேரு சார்." இனி மேடம் இல்லை. எந்த மேடம் என்று அவர் எழுதவில்லை. எங்கள் கல்லூரியில் பெயர் சொல்லாமலே மேடம் என்றால் இயற்பியல் துறை கமலவேணி ஒருவர்தான். சித்தூரில் மகள் வீட்டில் மாரடைப்பாம். கல்லூரிக்காகத் திருப்பதியில் இறங்கும்வரை அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த ரயிலில் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். நகரியிலேயே ஏறிவிடும் அவர், பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். நான் கணிதத் துறை. சேர்ந்து போய்வந்த பதினோரு வருடமும் எங்கள் பேச்சு ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களைப் பற்றியதுதான். பழைய ஈர்ப்புக் கணக்கின்படி அவை என்றென்றும் ஒரே பாதையில் சுற்றும். பொதுச் சார்பியலில் அப்படியில்லை. பாதையே மெல்லத் திரும்பும். ஆற்றல் ஈர்ப்பு அலைகளாகக் கசிய, இரண்டும் நெருங்கிவரும்.

"ஒரு ஜோடி வருஷத்துக்கு எவ்ளோ நெருங்குது தெரியுமா சார்? ஏழெட்டு முழம்! ஸ்டேஷன் வாசல்ல பூ அளக்குற அதே முழம். அத்தினி தூரத்துல இருந்து அதைக் கண்டுபுடிச்சிட்டாங்களே!" என்று சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சில வருடங்களுக்கு முன், அந்த நட்சத்திரங்களைப் பற்றிய அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருந்தது. முனைவர் பட்டம் வந்தால் பதவி உயர்வு. ஓய்வுக்கு முன் அதுவே கடைசி வாய்ப்பு. சரிபார்க்க என்னிடம் கொடுத்தார். மூன்றாம் அத்தியாயத்தில் தவறு கண்டேன். சூரியனைச் சுற்றும் புதனுக்குச் செய்வதுபோல, ஒரு நட்சத்திரத்தை அசையாமல் நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் ஓடவிட்டிருந்தார். ஏறக்குறையச் சம நிறையுள்ள இரண்டில் அது செல்லாது. பாதை திரும்பும் அளவு பாதியாகிவிடும். அதற்குப் பிந்தைய பக்கங்களெல்லாம் அதன்மேல்தான் நின்றன.

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. என் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் பிழை இருப்பது எனக்குத் தெரியும். யாரும் கவனிக்கவில்லை என்று மூடி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ரேணிகுண்டா தாண்டியதும் மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

நான் கணக்குப் போட்டிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தார்.

"ஆமா, ரெண்டுமே சுத்துது, சார்! ஒண்ணைப் புடிச்சி நிக்க வெச்சிட்டேனே பாவி! இன்னா சார், இதைச் சொல்லவா ரெண்டு நாளா முழிச்சிக்கினு இருந்தீங்க?"

"ப்ரமோஷன்?" என்றேன்.

"அந்த நட்சத்திரங்க என் ப்ரமோஷனுக்காவா சுத்திக்கினு இருக்குது?"

திருத்தி எழுத ஒன்றரை வருடமானது. பதவி உயர்வு அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போனது. வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்காமலே, "இந்த அத்தியாயம் முதல்ல தப்பா இருந்தது. கண்டுபுடிச்சவரு அதோ, கடைசி வரிசையில" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ரயில் சிரிப்பை. சித்தூரில் காரியம் முடிந்து திரும்பிய அன்றே, என் கட்டுரையில் உள்ள பிழையை இதழாசிரியருக்கு எழுதி அனுப்பினேன். அனுப்பும்போது உங்களைப்போலச் சிரிக்கப் பார்த்தேன் மேடம். அழுகைதான் வந்தது.