இழுத்து மூடிய கடைக்குள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பழைய பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். இருந்தது ஒரே கணினி, கொழும்பில் ஏதோ அலுவலகம் கழித்துப் போட்டது. லினக்ஸ் இயங்குதளம்தான் அதில் ஓடும். தமிழில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் விழும். புதிய மென்பொருள் போட்டால் சரியாகும். ஆனால் அதை அந்தக் கணினியிலேயே மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து ஓடும் நிலைக்குக் கொண்டுவர நாள்கணக்கில் ஆகும். அதற்குள் கரண்ட் போய்விடும்.

நுவரெலியாவில் கணினிக் கடை வைத்திருந்த முதலாளியிடம் வேகமான கணினி இருந்தது. கேட்டதும் சம்மதித்தார். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு அருகிலுள்ள ராகலையிலிருந்து பஸ்ஸில் போனேன். அதை அவருடைய கணினியில் மாட்டி, பழைய கணினிக்கு ஏற்றபடி கம்பைல் செய்யக் கட்டளை கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் கணினி திணறும் வேலையை அது மடமடவென்று செய்தது. மதியத்துக்குள் கம்பைல் முடிந்து, புதிய கோப்புகளைப் பழையவற்றின் மேல் பதிக்கத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம். முதலாளி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு ஷட்டரை இழுத்து மூடினார்.

“டவுன்ல கலவரமாம்மா. பஸ்ஸெல்லாம் நிறுத்திட்டாங்க.”

“எங்கம்மா தேடுவாங்கய்யா.”

“தேடட்டும். இப்ப வெளிய போக முடியாது.”

நாங்கள் இருந்த தோட்டத்து வீட்டு வரிசையில், அந்த லயத்தில், போன் கிடையாது. சொல்லியனுப்பவும் வழியில்லை. லைட்டை அணைத்தார். திரை வெளிச்சம் மட்டும் சுவரில் அடித்தது. அதையும் அணைக்கச் சொன்னார், அணைத்தேன். இருட்டில் கணினியின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“அதையும் நிறுத்தும்மா. ஆள் இருக்குன்னு தெரிஞ்சிரும்.”

“பாதியில நிறுத்துனா எங்க கணினி எந்திரிக்கவே எந்திரிக்காதுங்கய்யா.”

 தெருவில் கண்ணாடி உடைந்தது. அடுத்து எங்கள் ஷட்டரில் யாரோ ஓங்கி அடித்தார்கள். தகரம் அதிர்ந்தது நெஞ்சுக்குள் கேட்டது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பெட்டிகள், பின்கதவே இல்லாத கடை. இரண்டாவது அடி விழுந்தபோது நானே கணினியின் சுவிட்சை அணைத்தேன். என் மூச்சுச் சத்தம்கூட அதிகமாகத் தெரிந்தது. சிங்களத்தில் ஏதோ கத்திவிட்டு அவர்கள் நகர்ந்தார்கள். பிறகு போலீஸ் வண்டி ஊரடங்கை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனது.

அன்று வீட்டுக்குப் போக வழியில்லை. கடைக்கு மேலே, வெளிப்படி ஏறிப் போகும் மாடி வீட்டில் முதலாளியின் மனைவி பாய் போட்டுக் கொடுத்தார். மறுநாள் ஊரடங்கு தளர்ந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். லயத்து வாசலில் அம்மா நின்றிருந்தார். வேலைக்குப் போயிருக்கவில்லை. என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

டிஸ்கை மடுவத்துக் கணினியில் மாட்டிப் பார்த்தேன். பாதி புதியது, பாதி பழையது. கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து நின்றுவிட்டது. கோணலாகவாவது தமிழ் காட்டிய கணினி இப்போது எதற்கும் உதவாது. பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இதைச் சரிசெய்யவும் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும்.

“அந்தப் பொட்டிக்காகவா உசிரக் குடுக்கப் போற?” என்றார் அம்மா.

கலவரம் அடங்கியதும் டிஸ்கோடு மறுபடி போனேன். கடைக்குள் கால் வைத்ததும், “ஷட்டர முழுசாத் தூக்கி வைங்கய்யா” என்றேன். குளிரும் பனிமூட்டமும் உள்ளே வந்தன. முதலாளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. கிளம்பும்போது அவர், “இங்கயே வேலைக்கு வந்திரும்மா. மாடியில தங்கிக்கலாம்” என்றார்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தோட்டத்தை விட்டு வெளியேற ஒரு வழி தேடியவள் நான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். பஸ் தேயிலைச் சரிவுகளுக்குள் வளைந்து போகும்போது, என்னால் அந்த ஷட்டருக்குப் பின்னால் ஒரு முழுநாள்கூட உட்கார முடியாது என்று தெரிந்துவிட்டது.

மடுவத்தில் கணினி எழுந்தது. ‘கொழுந்து’ என்று அடித்தேன், எழுத்துகள் சேர்ந்து நின்றன. அன்று சாப்பிடும்போது கடை வேலை வேண்டாமென்று அம்மாவிடம் சொன்னேன்.

“நல்லதாப் போச்சு. இங்கயே இரு” என்று இன்னொரு ரொட்டியைத் தட்டில் வைத்தார். பயந்துதான் விட்டேன் என்று சொல்லாமல் தலை குனிந்தபடியே சாப்பிட்டேன்.